உயிரோடு இருப்பதற்குச் சாட்சி

வருஷா வருஷம் நவம்பரில், பென்ஷன் வாங்கும் நாம் உயிரோடு இருப்பதை நிரூபித்தாக வேண்டும். முன்பெல்லாம் பாங்குக்குப் போய் நின்றால் போதும். மேனேஜருக்கு நம் முகம் தெரியும், அதுவே சாட்சி.

2014 நவம்பர் 10-ல் 'ஜீவன் பிரமாண்' வந்தது. இதில் விநோதம், நாம் ரேகை வைக்கும் இணையதளத்துக்கு நம்மைத் தெரியாது. அது ரேகையை ஆதார் ஆணையத்தின் சர்வருக்கு அனுப்பி, "இவர் அவர்தானா?" என்று கேட்கும். ஆம், இல்லை, இவ்வளவுதான் அங்கிருந்து வரும் பதில். 2010 செப்டம்பர் 29-ல் மகாராஷ்டிரத்தின் டெம்ப்ளி கிராமத்தில் முதல் ஆதார் எண்ணைக் கொடுத்த செய்தியைப் படித்தபோது, பிள்ளையார்பாளையத்துக்காரருக்குச் சாட்சி சொல்லும் வேலை வெளியூர் போகும் என்று நான் நினைக்கவில்லை.

என் அண்ணிக்குக் குடும்ப பென்ஷன். நாற்பது வருஷம் பட்டு இழையை முறுக்கி முறுக்கிச் சேர்த்த விரல்கள். ரேகை எங்கே இருக்கும்? ஒரு மையத்தில் பத்து விரலையும் வைத்துப் பார்த்தார்கள். பத்துக்கும் "இல்லை". பென்ஷன் நின்றுவிடுமோ என்று அன்று ராத்திரி அவர் சாப்பிடவேயில்லை. மறுநாள் பாங்கில் பழைய காகிதப் படிவத்தில்தான் காரியம் முடிந்தது.

2021 நவம்பரில் முகத்தைக் காட்டினால் போதும் என்று வந்தது. போன வருஷம் பேத்தி செல்போனைப் பிடித்துக்கொண்டு, "ஆயா, கண்ணைச் சிமிட்டு" என்றாள். சிமிட்டினார். "ஆம்" வந்துவிட்டது.

"இதை அந்த மேனேஜரே சொல்வாரே!" என்றார் அண்ணி.