பென்னிங்டன் நூலகம் முதல் தமிழ் மின்னூலகம் வரை

ஸ்ரீவில்லிபுத்தூரின் பென்னிங்டன் பொது நூலகம் 1875இல் தொடங்கப்பட்டது. ஊர் அப்போது திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மாவட்ட ஆட்சியராக இருந்த பென்னிங்டனின் பெயரே நூலகத்துக்கு வைக்கப்பட்டது. சென்னைக் கன்னிமாரா நூலகத்தைவிட இது 21 ஆண்டு மூத்தது. நூலகத்துக்கென்று அரசுத் துறையோ சட்டமோ இல்லாத காலம் அது. ஊரில் நாலு பேர் கூடிக் கமிட்டி அமைத்தால்தான் நூலகம் உண்டு.

அந்த நிலையை மாற்றியது 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம். சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டமான இதற்குப் பின்னால் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் நெடுங்கால முயற்சி இருந்தது. சட்டம் 1950இல் நடைமுறைக்கு வந்தபோது சென்னை மாநிலத்தின் முதல்வராக இருந்தவர் ராஜபாளையத்துக்காரரான பி.எஸ். குமாரசாமி ராஜா. சட்டத்தின் உயிர்நாடி நூலக வரி. சொத்து வரியோடு சேர்த்து வசூலாகும் சிறு தொகை மாவட்டந்தோறும் அமைந்த நூலக ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேரும். நூலகம் கொடையாளியின் மனத்தை நம்பியிருந்த காலம் அதோடு போயிற்று. 1972இல் பொது நூலகங்களுக்குத் தனி இயக்ககமும் ஏற்பட்டது.

நூலகங்கள் பெருகினாலும் அரிய நூல்கள் ஓரிடத்தில் சேரவில்லை. கன்னிமாராவில் பழைய அச்சு நூல்கள், கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் ஓலைகள், உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தில் ஆய்வு நூல்கள், பாடநூல் கழகத்தில் கல்லூரிப் பாடநூல்கள் என்று எல்லாமே அரசின் சொத்துதான். ஆனால் ஒரு துறையின் அலமாரியில் இருப்பது அடுத்த துறைக்குத் தெரியாது. ராஜபாளையத்து ஆசிரியர் ஒருவருக்கு நூறாண்டுப் பழைய நூல் வேண்டுமென்றால் சென்னைக்கு ரயிலேற வேண்டும். போனாலும் தாள் நொறுங்குகிறது என்று காட்ட மறுத்துவிடலாம்.

இதற்கு வழி இணையத்தில் பிறந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் இணையப் பல்கலைக்கழகம் பற்றிய பேச்சு எழுந்தது; 2001இல் அது தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கப்பட்டது. இன்றைய பெயர் தமிழ் இணையக் கல்விக்கழகம். துறைகளிடம் சிதறிக் கிடந்த நூல்களை வருடி (ஸ்கேன் செய்து), ஒரே இணையதளத்தில் தரும் வேலை இதனிடம் வந்தது. 2017இல் தமிழ் மின்னூலகம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இதற்கு முன்னோடி முயற்சிகள் அரசுக்கு வெளியே இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும்: 1998 பொங்கலன்று தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டம், 2005இல் தொடங்கிய ஈழத்து நூலகம் திட்டம்.

வருடுவதைக் கடினமான வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அதைவிடக் கடினம் அட்டவணை. பழைய நூலின் முகப்பேட்டில் ஆங்கில ஆண்டு இல்லாமல் 'யுவ வருஷம் ஆவணி மாதம்' என்று மட்டும் இருக்கலாம். அறுபதாண்டுச் சுழற்சியில் யுவ என்பது 1815, 1875, 1935 என மூன்று ஆண்டுகளுக்கும் பொருந்தும். 1835க்கு முன் இந்தியர் அச்சகம் நடத்தக் கட்டுப்பாடு இருந்ததால், உள்ளூர்க்காரர் பதிப்பென்றால் முதலாவதைப் பெரும்பாலும் தள்ளிவிடலாம். மிச்சம் இரண்டில் எது என்பதை எழுத்துரு, தாள், அச்சகத்தின் பெயர், நூலைப் பாராட்டிச் சாற்றுகவி பாடியவர் ஆகியவற்றை வைத்து முடிவுசெய்ய வேண்டும். ஆண்டு தப்பினால் பதிப்பும் தப்பும். ஆசிரியர் பெயரிலும் இதே தொல்லை: ஒருவரே ஒரு நூலில் ஊர்ப்பெயரோடும் மற்றொன்றில் தலைப்பெழுத்தோடும் இன்னொன்றில் பட்டப்பெயரோடும் வருவார். மூன்றையும் ஒரே ஆளாகச் சேர்க்காவிட்டால் தேடுபவருக்குப் பாதி நூல்கள் கிடைக்காமலே போகும்.

அடுத்தது உரிமை. ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கழிந்த பிறகே நூல் பொதுவுடைமையாகும் என்பது இந்தியச் சட்டம். தமிழ்நாட்டில் இதற்கு ஒரு மாற்றுவழி முன்பே பிறந்திருந்தது. 1949இல் பாரதியின் படைப்புகளை அரசு பெற்றதைத் தொடர்ந்து, பிற்காலத்தில் பல எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமையாயின. வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை, நூல்கள் எல்லாருக்கும். இந்த ஏற்பாடு மின்னூலகத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டதல்ல. ஆனாலும் இருபதாம் நூற்றாண்டு நூல்களைத் தயக்கமின்றி இணையத்தில் ஏற்ற அதைப்போல் உதவியது வேறில்லை.

கடைசியாகத் தேடல். மின்னூலகத்தின் பழைய நூல்களில் பல பக்கப் படங்களாகவே இருக்கின்றன. தலைப்பையும் ஆசிரியரையும் தேடலாம். நூலுக்குள் 'ஸ்ரீவில்லிபுத்தூர்' எங்கே வருகிறது என்று தேட, படத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள் வேண்டும். அதற்குப் பழைய அச்சைப் படிக்கக் கற்றுத்தர வேண்டியிருக்கிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் ணா, றா, னா ஆகியவை சுழித்த ஒற்றை வடிவங்களாகவும், ணை, லை, ளை, னை ஆகியவை யானைத் தும்பிக்கை போன்ற கொம்பு வைத்தும் அச்சாகியிருக்கும். இன்றைய எழுத்தை மட்டும் பழகிய மென்பொருள் இவற்றில் தடுமாறும். இடையிடையே வரும் கிரந்த எழுத்துகளையும் தமிழ் எண்களையும் அது தனியே கற்க வேண்டும்.