காந்தத்துக்கு இறுகும் ரப்பர்

ரப்பர் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்பது ஆலையிலேயே முடிவாகிவிடும். கந்தகம் சேர்த்து வேகவைத்து அச்சிலிருந்து எடுத்த பிறகு அதை மாற்ற முடியாது. ஆனால் பக்கத்தில் காந்தம் வந்தால் இறுகி, விலகியதும் பழையபடி இளகும் ரப்பரும் உண்டு. அதன் கதை ரப்பரில் அல்ல, எண்ணெயில் தொடங்குகிறது!

இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயம். அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர் ஜேக்கப் ராபினோவ். கார்கிவ் நகரில் பிறந்து, சிறுவனாக அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர். வாழ்நாளில் 200க்கும் மேல் காப்புரிமை வாங்கியவர். 1940களின் பிற்பகுதியில் இவர் எண்ணெயில் இரும்புத் தூளைக் கலந்து ஒரு கிளட்ச் செய்தார். மின்காந்தத்தை இயக்கினால் இரும்புத் துகள்கள் சங்கிலியாகக் கோத்துக்கொள்ளும், எண்ணெய் கெட்டிப்படும். நிறுத்தினால் மீண்டும் ஓடும்.

கேட்க ஜோராகத்தான் இருந்தது. ஆனால் இரும்பு எண்ணெயைவிட எட்டு மடங்குக்கு மேல் கனம். சும்மா வைத்தால் தூள் அடியில் படிந்துவிடும். சீல் தேய்ந்தால் ஒழுகும்.

துகளை ரப்பருக்குள்ளேயே பூட்டிவிட்டால்? படியவும் வழியில்லை, ஒழுகவும் வழியில்லை. 1983இல் ரிக்பி, ஜில்கென் இருவரும் ஃபெரைட் தூள் கலந்த ரப்பரின் காந்த குணத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். 1995இல் ஜப்பானில் ஷிகா குழுவினர் சிலிக்கோன் ஜெல்லில் இரும்பைக் கலந்து பார்த்தார்கள். 1996இல் அமெரிக்காவின் லார்ட் நிறுவனத்தைச் சேர்ந்த ஜாலி, கார்ல்சன் முதலியோர் இதற்குக் கணக்கு வடிவம் கொடுத்தார்கள்.

செய்முறை கிட்டத்தட்ட சமையல்தான். திரவ சிலிக்கோனில் கார்போனைல் இரும்புத் தூளைக் கலக்க வேண்டும். சில மைக்ரான் அளவே உள்ள உருண்டைத் தூள் இது. 1920களில் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். தயாரித்தது, ரேடியோ காயில்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. கலவையிலுள்ள காற்றுக் குமிழ்களை வெற்றிடத்தில் உறிஞ்சி எடுத்து, அச்சில் ஊற்றி, காந்தத்தின் நடுவே வைத்து உறைய விட வேண்டும். உறைவதற்குள் துகள்கள் வரிசை கட்டிவிடும். அந்த வரிசை அப்படியே ரப்பருக்குள் நின்றுவிடும்.

சோதிப்பதுதான் பெரிய தலைவலி. ரப்பர்த் துண்டை இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒட்டி, பக்கவாட்டில் ஆட்டி, எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்று அளப்பார்கள். காந்தமோ இரும்பு கலந்த அந்தத் துண்டையே தன் பக்கம் இழுக்கும். அந்த இழுப்பையும் கருவி கெட்டித்தன்மை என்றே காட்டிவிடும். காயில் சூடேறினால் ரப்பர் இளகும், அதுவும் கணக்கைக் கெடுக்கும். இதையெல்லாம் கழிக்காமல் எழுதிய எண்ணை நம்ப முடியாது.

சரி, கழித்த பிறகு என்ன மிஞ்சியது? ஃபோர்டு ஆராய்ச்சிக்கூடத்தின் எல்.சி. டேவிஸ் 1999இல் போட்ட கணக்குப்படி, சாதாரண ரப்பரில் விறைப்பு சுமார் 50 சதவீதம் கூடலாம், அவ்வளவுதான். கொள்ளளவில் 27 சதவீதம் இரும்பு இருந்தால் பலன் அதிகம். அதற்கு மேல் போட்டால் ரப்பர் முதலிலேயே கெட்டியாகிவிடும், காந்தத்துக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. துண்டைக் கொஞ்சம் பலமாக ஆட்டினாலும் பலன் குறையும். துகளைப் பூட்டியதால் படிவது நின்றது. ஆனால் எண்ணெய் ஓடுவதிலிருந்து உறைவது வரை போனதே, அந்தத் தாவலும் கூடவே நின்றுபோனது.

ஃபோர்டு ஆட்கள் இதைக் காரின் சஸ்பென்ஷன் புஷ்ஷில் வைத்துப் பார்த்தார்கள். பிரேக் போடும்போது வரும் அதிர்வுக்கு ஏற்ப இறுகும் புஷ். ஆனால் ஒழுகும், படியும் என்று குறை சொல்லப்பட்ட எண்ணெய்தான் விற்பனைக்கு முந்தியது. 2002 மாடல் கேடிலாக் செவில் காரின் ஷாக் அப்சார்பரில் அதுதான் இருந்தது!

ரப்பருக்கு வேறு வேலை கிடைத்தது. 2018இல் எம்.ஐ.டி.யில் ஷுவான்ஹே ஜாவோ குழுவினர் இரும்புக்குப் பதில் நியோடிமியம் காந்தத் தூளைச் சிலிக்கோனில் கலந்தார்கள். முப்பரிமாண அச்சு இயந்திரத்தின் முனையிலேயே காந்தம் வைத்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு திசை கொடுத்து அச்சடித்தார்கள். வெளியே காந்தப்புலம் வந்ததும் அந்தத் துண்டு இறுகவில்லை. மடங்கியது, உருண்டது, தவழ்ந்தது.