அத்திக் குச்சியும் 76 வருஷ மர்மமும்

ரெண்டு வருஷமா எங்க அபார்ட்மெண்ட் பால்கனியில ஒரு தொட்டியில சீமை அத்தி வளர்க்கிறேன். (நம்ம ஊர் நாட்டு அத்தி இல்லைங்க, அது வேற மரம். இது காயவெச்சு மாலையா கோத்து விக்கிறாங்களே, அந்த அத்தி.) ரகம், பிளாக் மிஷன். இந்த வருஷம் துளிர்த்த இலையெல்லாம் திட்டுத்திட்டா மஞ்சள். சத்து பத்தலைன்னு உரத்தைக் கொட்டினேன். அப்புறம்தான் தெரிஞ்சது, இது வைரஸ்!

தோண்டித் துருவினா பெரிய கதையா இருக்கு.

1933-ல காண்டிட், ஹார்ன்னு ரெண்டு பேர் கலிஃபோர்னியா அத்தியில 'மொசைக்' நோய் இருக்குன்னு எழுதினாங்க. நோயுள்ள மரத்தை ஒட்டுக்கட்டினா நல்ல மரத்துக்கும் வருது. ஆனா கிருமி எதுன்னு தெரியலை. 1955-ல ஃப்ளாக், வாலஸ் ரெண்டு பேரும் இதைப் பரப்புற ஒரு பூச்சியைக் கண்டுபிடிச்சாங்க. மில்லிமீட்டர்ல அஞ்சுல ஒரு பங்குகூடத் தேறாத ஒரு சிலந்தி, பேர் ஏசீரியா ஃபைகஸ். 1998-ல கேரளாவில தலைகாட்டி, அப்புறம் நம்ம தென்னையைப் படுத்தி எடுத்துச்சே ஈரியோபைட் சிலந்தி, அதுவும் இதே ஏசீரியா இனம்தான். பங்காளிங்க :-)

குற்றவாளியோட வண்டி கிடைச்சாச்சு, ஆள் கிடைக்கலை. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல இரட்டைச் சவ்வு போர்த்தின உருண்டைகளா என்னமோ தெரிஞ்சது, அவ்வளவுதான். 2009-லதான் இத்தாலியில எல்பெய்னோ, டிஜியாரோ, மார்டெல்லி குழு அதோட மரபணுவைப் படிச்சாங்க. அதே வருஷம் அமெரிக்காவிலயும் ஒரு குழு இதைக் கண்டுபிடிச்சது. 1933-ல இருந்து 2009 வரை, 76 வருஷம்!

எப்படி அடையாளம் காண்றது? சத்துக் குறைவுன்னா மஞ்சள் ஓரளவு ஒழுங்கா வரும்: நைட்ரஜன் குறைஞ்சா கீழ் இலை முழுசா வெளுக்கும், இரும்புச்சத்து குறைஞ்சா துளிர்ல நரம்பு மட்டும் பச்சையா நிக்கும். மொசைக்குக்கு ஒழுங்கே கிடையாது. ஓரம் கலைஞ்ச மஞ்சள் திட்டு, கோணல் இலை, நாளாக நாளாக திட்டைச் சுத்தி துரு நிறம். சில சமயம் காயிலயும் புள்ளி வரும், பிஞ்சு உதிரும்.

மருந்து கிடையாது. மரத்தைத் தெம்பா வெச்சுக்கலாம், அவ்வளவுதான். தொட்டியில வேர் சுருண்டு நெருக்கினாலும், வெயில்ல மண் காஞ்சாலும் நோய் பளிச்சுனு தெரியும். அதனால பெரிய தொட்டிக்கு மாத்தினேன், கம்போஸ்ட் போட்டேன், தண்ணி தவறுறதில்லை. சிலந்திக்குக் கந்தகக் கரைசல் (கடும் வெயில்ல அடிச்சா இலை கருகிடும், ஜாக்கிரதை). இப்ப வர்ற புது இலை ஏறக்குறைய சுத்தமா இருக்கு. ஆனா வைரஸ் உள்ளேயேதான் இருக்கும்.

இதுல என்னை உறுத்துறது வேற விஷயம். சிலந்தி பக்கத்து மரத்துக்குத்தான் கொண்டுபோகும். கண்டம் தாண்டிக் கொண்டுபோனது மனுஷன்தான். அத்தியை விதை போட்டா அதே ரகம் வராது, குச்சி ஒடிச்சுத்தான் நடணும். ஜோர்டான் பள்ளத்தாக்குல கில்கால்ங்கிற இடத்துல கிடைச்ச சுமார் 11,400 வருஷப் பழைய அத்திப்பழங்களைப் பார்த்துட்டு, அப்பவே குச்சி நட்டு வளர்த்திருக்காங்கன்னு 2006-ல சில ஆய்வாளர்கள் சொன்னாங்க (மறுக்கிறவங்களும் உண்டு). ஒருத்தர் தோட்டத்துல இருந்து இன்னொருத்தருக்கு அன்பா குடுத்த குச்சியாலதான் இந்த ரகங்கள் பிழைச்சிருக்கு. அதே குச்சியிலதான் நோயும் ஊர் ஊரா போயிருக்கு. விதையில இந்த வைரஸ் போறதில்லைங்கிறது இன்னும் வேடிக்கை.

என் மரமும் அப்படி ஒரு குச்சியில இருந்து வந்ததுதான். போன குளிர்காலத்துல கவாத்து பண்ணினப்ப, நானும் பெருமையா ஒரு நண்பருக்கு ரெண்டு குச்சி குடுத்தேன். அவர் வீட்டுல ஏற்கனவே மூணு அத்தி மரம், அவங்க அப்பா வெச்சது.

நேத்து ராத்திரி ஃபோன் பண்ணி எல்லாத்தையும் சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "சரிப்பா, அந்த ரெண்டையும் தனியா தூக்கி வெச்சுடறேன்"னார்.

உங்க யார் வீட்டுலயாவது தொட்டியில அத்தி இருக்கா? குச்சி குடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை இலையைப் பாருங்க மக்களே.