ஓதற்பிரிவு: பாலையும் கடலும்

சேலத்திலிருந்து வாழப்பாடி வழியாகக் கிழக்கே செல்லும் நெடுஞ்சாலை, ஆத்தூரையும் தலைவாசலையும் கடந்து கடற்கரை மாவட்டங்களை நோக்கி நீள்கிறது. தலைவாசலுக்கு அருகே தியாகனூர் என்றொரு சிற்றூர். அங்கே அமர்ந்த கோலத்தில் பெரிய புத்தர் சிலைகள் இரண்டு உள்ளன. வாழப்பாடிக்கு மேற்கே, சேலத்தில், தலைவெட்டி முனியப்பன் என்ற பெயரில் வழிபடப்பட்டு வந்த சிலை புத்தருடையதே என்று, தொல்லியல் துறையின் ஆய்வை ஏற்றுச் சென்னை உயர்நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. தமிழகத்துப் பௌத்தம் காஞ்சியோடும் நாகையோடும் நின்றுவிட்டதன்று என்பதற்கு இவை சான்று. இச்சிலைகளை எண்ணும்போது, இவை குறிக்கும் சமயத்தைக் கற்பதற்காக ஊரும் உறவும் துறந்து வந்த சில வெளிநாட்டு மாணவர்களும் நம் நினைவுக்கு வருகிறார்கள்.

பிரிவின் காரணங்களைச் சொல்லும் தொல்காப்பியம் ஓதலையே முதலில் வைக்கிறது. கல்விக்காகப் பிரிந்தவன் மூன்றாண்டுக்கு மேல் தங்கலாகாது என்று வரம்பும் கட்டுகிறது. காலிற் பிரிவு, கலத்திற் பிரிவு என்று உரையாசிரியர்கள் வகைப்படுத்துவர். முன்னது நடந்து செல்வது. பின்னது மரக்கலம் ஏறிச் செல்வது. நாம் இங்கே பேசவிருக்கும் சீன மாணவர்கள் இரண்டு பிரிவையும் அறிந்தவர்கள். மூன்றாண்டு வரம்பு மட்டும் அவர்களுக்குப் பொருந்தவில்லை.

முதலாமவர் பாஹியான். சீனத்தில் கிடைத்த விநய நூல்கள் குறையுடையனவாக இருப்பது கண்டு வருந்தி, 399-இல் சாங்-ஆன் நகரிலிருந்து தோழர்களுடன் புறப்பட்டார். அப்போது அவர் அறுபதை எட்டிய முதியவர் என்பது மரபு. துன்ஹுவாங்கைத் தாண்டியதும் பாலை தொடங்கியது. மேலே பறவையில்லை, கீழே விலங்கில்லை. முன்பு அவ்வழியே சென்று மாண்டவர்களின் எலும்புகளே திசை காட்டின. பதினேழு நாள் நடந்து கரையேறினார்கள். பின்னர் பனிமலையில் தோழர் ஒருவர் குளிர் தாங்காமல் அவர் கண்முன்னே இறந்தார். மற்றொருவர் இந்தியாவின் துறவொழுக்கத்தைக் கண்டபின் தாயகம் திரும்ப மனமின்றி இங்கேயே தங்கிவிட்டார். பாஹியான் தனியரானார்.

வங்கத்துத் தாமிரலிப்தியில் ஈராண்டுகள் ஏடு பெயர்த்து எழுதியபின் கலமேறி இலங்கை சேர்ந்தார். அநுராதபுரத்தில் ஒருநாள், பச்சைக்கல் புத்தர் திருவுருவின் முன் வணிகர் ஒருவர் படைத்திருந்த வெண்பட்டு விசிறியைக் கண்டார். அது சீனத்து விசிறி. பாலையில் கலங்காத முதியவர் அதன் முன் கண்ணீர் விட்டார். ஆயிரம் கல் தொலைவிலிருக்கும் ஒருவருக்குத் தாயகத்தை நினைவூட்ட ஒரு விசிறி போதும்.

அங்கும் ஈராண்டு தங்கி நூல்களைச் சேர்த்துக்கொண்டு, இருநூறு பேருக்கு மேல் ஏறிய பெருங்கலம் ஒன்றில் ஊர் திரும்பினார். இரண்டு நாளில் புயல் வந்தது. கலத்தில் நீர் புகுந்தது. வணிகர்கள் சரக்கையெல்லாம் கடலில் வீசினார்கள். பாஹியானும் தம் நீர்க்குடுவையையும் செம்பையும் வீசினார். சுவடிகளையும் திருவுருவங்களையும் பிடுங்கி எறிந்துவிடுவார்களோ என்பதே அவருடைய அச்சம். பதின்மூன்று நாள் புயலுக்குப் பின் தீவு ஒன்றில் ஓட்டையை அடைத்தார்கள். தொண்ணூறு நாளுக்குப் பின் யவத்வீபம் சேர்ந்தார்கள். அங்கிருந்து ஏறிய அடுத்த கலத்திலும் புயல். இந்தத் துறவியை ஏற்றியதால்தான் தீங்கு வந்தது, இவரை ஏதேனும் தீவில் இறக்கிவிடுவோம் என்று உடன் வந்தவர்கள் சிலர் சொன்னார்கள். அவரை ஆதரித்த ஒருவர், அப்படிச் செய்தால் சீன அரசனிடம் முறையிடுவேன் என்று மிரட்டியதால் உயிர் தப்பினார். 412-இல் கரை தட்டியபோது அது எந்த நாடு என்று யாருக்கும் விளங்கவில்லை. அங்கே முளைத்திருந்த பழக்கமான கீரையைக் கண்டுதான் தம் நாடு என்று தெளிந்தார்கள்.

இரண்டாமவர் யுவான் சுவாங். எல்லை கடக்கக் கூடாதென்ற அரசாணையை மீறி, 629 வாக்கில் இரவோடிரவாகப் புறப்பட்டார். வழிகாட்ட வந்தவனே ஓர் இரவு கத்தியை உருவினான். பிறகு விலகிப் போய்விட்டான். துறவியும் முதிய குதிரையும் மட்டும் பாலையில் எஞ்சினர். அங்கே தோற்பையைக் கை நழுவவிட, இருந்த நீரெல்லாம் மணலில் கொட்டியது. தண்ணீர் தேடிச் சிறிது தூரம் கிழக்கே திரும்பினார். இந்தியா சேராமல் கிழக்கு நோக்கி ஓரடியும் வைப்பதில்லை என்ற சூளுரை நினைவுக்கு வந்ததும் மறுபடியும் மேற்கே நடந்தார். நான்கு இரவும் ஐந்து பகலும் நீரில்லை. இறுதியில், முன்பு பலமுறை அப்பாலையைக் கடந்திருந்த குதிரையே புல்லும் நீரும் உள்ள இடத்துக்கு அவரை இட்டுச் சென்றது.

அத்தகையவர் 640 வாக்கில், நரசிம்மவர்ம பல்லவன் காலத்தில், காஞ்சிக்கு வந்தார். இலங்கைக்கு மூன்று நாள் கலப்பயணம் என்று கேட்டு, அங்கே சென்று யோகாசார நூல்களுக்கு விளக்கம் பெற எண்ணினார். ஆனால் இலங்கையிலிருந்து வந்திறங்கிய துறவிகள், அரசன் இறந்தான், நாட்டில் பஞ்சம் என்றார்கள். அவர்களிடமே நூல் விளக்கம் கேட்டுப் பார்த்தார். நாளந்தாவில் தம் ஆசிரியர் சீலபத்திரர் சொன்னதற்கு மேல் அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. பாலையில் திரும்ப மறுத்தவர் தமிழகத்துக் கரையில் திரும்பினார்.

இதைத் தோல்வியாக நாம் கருதவில்லை. சீலபத்திரருக்கு ஆசிரியர் தருமபாலர். அவர் பிறந்தது இதே காஞ்சியில். மணவிழாவுக்கு முந்தைய இரவில் துறவு நோக்கி அகன்றவர் என்று அவரைப் பற்றிய கதையை யுவான் சுவாங்கே எழுதிவைத்தார். காஞ்சியிலிருந்து வடக்கே ஓதப் பிரிந்த தருமபாலர் நாளந்தாவின் தலைமை ஆசானாகி, முப்பத்திரண்டு வயதிலேயே மறைந்தார் என்பர். யுவான் சுவாங் பாலை கடந்து தேடிய கல்வியில் ஒரு பங்கு இந்த ஊரிலிருந்து சென்றது. கடலுக்கு அப்பால் விளக்கம் தேடியவர், தம் ஆசிரியரின் ஆசிரியர் பிறந்த ஊரில்தான் நின்றிருந்தார்.

திரும்பும் வழியில் சிந்து நதியில் படகு தத்தளித்து ஏடுகள் சில மூழ்கின. எஞ்சியவற்றோடு, 657 நூல்களை இருபது குதிரைகளில் ஏற்றி, 645-இல் சாங்-ஆன் அடைந்தார். இழந்தவற்றின் பட்டியலைப் பிற்காலத்தில் நாளந்தாவுக்கு எழுதியனுப்பிப் படி கேட்டார். 659-இல், வசுபந்துவின் முப்பது பாடல்களுக்கு எழுந்த உரைகளைத் தொகுத்துச் சீனத்தில் ஒரு நூல் செய்தார். அதில் தலைமையிடம் பெற்றது தருமபாலரின் உரை. அவ்வுரையின் வடமொழி மூலம் அழிந்துவிட்டது. யுவான் சுவாங் காஞ்சியில் கண்ட நூற்றுக்கு மேற்பட்ட விகாரைகளில் ஒன்றும் இன்று இல்லை. காஞ்சியில் பிறந்த ஒருவர் சிந்தித்தது, பாலைக்கு அப்பால், வேறொரு மொழியில் உயிரோடிருக்கிறது.

ஓதற்பிரிவுக்கு மூன்றாண்டு என்று வகுத்த தொல்காப்பியர் பிரிந்தவனின் இல்லத்தை எண்ணினார்; அது அறமே. ஆனால் பாஹியானும் யுவான் சுவாங்கும் பதினைந்து ஆண்டு, பதினேழு ஆண்டு என்று அவ்வரம்பை மீறியிராவிட்டால், தருமபாலர் என்ற பெயரையும் நாம் இழந்திருப்போம். வாழப்பாடிச் சாலையில் கிழக்கே போகும் வாசகர்கள் தியாகனூரில் சற்று இறங்குங்கள். நாம் மறந்துவிட்ட ஒன்றை, தண்ணீரில்லாத மணலில் நடந்து வந்து ஒருவர் எடுத்துச் சென்று காத்தார் என்று அந்தக் கல்லின் முன் எண்ணிப் பாருங்கள்.