இலியட்டைக் கையிலேந்தி ஒரு கடற்பயணம்

பால பருவத்தில் படித்த நூலொன்றின் பின்னே, வாழ்வின் நடுப்பகுதி கடந்தபின் கப்பலேறிப் போனவர் எவரேனும் உண்டா என்று கேட்டால், வரலாறு படித்தோர் நாவில் முதலில் வரும் பெயர் ஹைன்ரிக் ஷ்லீமன். ட்ராய் நகரைத் தோண்டியெடுத்தவர் என்ற அளவில் அவரை நாமனைவரும் அறிவோம். அத்தோண்டலுக்கு முன் 1868ஆம் ஆண்டுக் கோடையில் அவர் தனியராய் மேற்கொண்ட பயணமே நம் கவனத்திற்குரியது. அவர் புகழும் பழியும் அங்கிருந்தே தொடங்குகின்றன.

ஷ்லீமன் 1822இல் வட ஜெர்மனியின் மெக்லன்பர்க் பகுதியில் ஓர் ஏழைப் பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர். 1829ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸுக்குத் தந்தை தமக்குச் சிறுவர்க்கான உலக வரலாறு ஒன்றைப் பரிசளித்தார் என்றும், அதில் ட்ராய் தீப்பற்றி எரியும் படத்தைக் கண்டு, 'இத்தனை பெரிய மதில்கள் முற்றிலும் அழிந்திருக்க முடியாது. ஒருநாள் தோண்டிப் பார்ப்பேன்' எனச் சூளுரைத்ததாகவும் பிற்காலத்தில் எழுதினார். பின்னர் மளிகைக் கடையில் எடுபிடி வேலை, தென்னமெரிக்கா செல்லும் வழியில் கப்பல் விபத்து, ஆம்ஸ்டர்டாமில் எழுத்தர் பணி, ரஷ்யத் தலைநகரில் அவுரி நீல வாணிகம், பெருஞ்செல்வம். பல மொழிகளைத் தாமே கற்றார்.

செல்வம் சேர்ந்ததும் வாணிகத்தை விட்டு 1864இல் உலகைச் சுற்றப் புறப்பட்டார். கார்த்தேஜின் இடிபாடுகளில் தொடங்கி, எகிப்து, இலங்கை வழியாக நம் சென்னைக்கும் வந்து, கல்கத்தா, காசி, தில்லி, சீனம், ஜப்பான் என்று சென்றது அப்பயணம். பசிபிக்கைக் கடந்த ஐம்பது நாட்களில் கப்பலிலேயே முதல் நூலை எழுதினார். அது சீனத்தையும் ஜப்பானையும் பற்றியது. கனவு நகரமான ட்ராய்க்கு அவர் அப்போதும் போகவில்லை என்பதை வாசகர் நினைவிற் கொள்க.

போனது 1868இல். இத்தாலியிலிருந்து கோர்ஃபு, கெஃபலோனியா தீவுகள் வழியாக ஒடிசியூஸின் நாடான இத்தாக்காவை அடைந்தார். கையிலிருந்த வழிகாட்டி நூல் ஹோமர்தான். ஓரிடத்தில் நாய்கள் குரைத்துப் பாய்ந்து வர, ஒடிசியூஸ் செய்தபடியே தரையில் அமர்ந்தார், நாய்கள் அடங்கிவிட்டனவாம். ஒடிசியூஸின் தந்தை லயர்தீசின் வயல் என்று தாம் நம்பிய இடத்தில் ஒடிசியின் இறுதிப் பகுதியை ஊர்மக்களுக்குப் படித்துக் காட்ட, அவர்கள் கண்ணீர் வடித்தார்கள் என்கிறார். ஒரு குன்றில் தோண்டிக் கிடைத்த சாம்பல் தாழிகள் ஒடிசியூஸ், பெனலோப்பி ஆகியோருடையவையாகவும் இருக்கலாம் என்று எழுதவும் துணிந்தார். இவ்விடத்தில் நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் கவிதையை இவ்வளவு மெய்யென்று நம்பிய வாசகர் கிடைப்பது எந்தக் கவிக்கும் அரிது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பெலப்பனீசில் மைசினியைப் பார்த்தபின் ஆகஸ்டில் ட்ராய் சமவெளி. அக்காலத்து அறிஞர் பலர் புனர்பாஷி என்னும் ஊரையே ட்ராய் என்றனர். ஷ்லீமன் நூலையும் நிலத்தையும் ஒப்பிட்டார். ஹோமர் கூறும் ஊற்றுகள் இரண்டு: ஒன்று வெந்நீர், மற்றது தண்ணீர். இங்கோ முப்பத்துநான்கு ஊற்றுகளை எண்ணினார். வெப்பமானி வைத்துப் பார்த்ததில் எல்லாம் ஒரே வெப்பம். அக்கிலீஸ் ஹெக்டரை நகரைச் சுற்றி மும்முறை துரத்தினான் என்கிறது காவியம். இங்குள்ள செங்குத்துச் சரிவிலோ ஓடவே இயலாது. கடலும் வெகு தொலைவு. ஆகவே இது ட்ராய் அன்று என்று முடிவு கட்டினார். 'இலக்கியம் வேறு, வரலாறு வேறு' என்று வகுப்பறையில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். காவியத்தின் சொல்லை இவ்வாறு சோதனைக்கு உட்படுத்துவது அத்தனை எளிதன்று.

ஆனால் சரியான இடத்தைக் காட்டியவர் ஹோமரல்லர். தார்தனெல்ஸ் துறையில் கப்பலைத் தவறவிட்டுக் காத்திருந்தபோதுதான் ஃபிராங்க் கால்வர்ட் என்னும் ஆங்கிலேயரைச் சந்தித்தார். ஹிசார்லிக் குன்றின் ஒரு பகுதி கால்வர்ட்டுக்கு உடைமையாயிருந்தது. 1863இல் பிரித்தானிய அருங்காட்சியகத்திடம் உதவி கேட்டுக் கிட்டாமல், சொந்தப் பணத்திலேயே அங்குச் சோதனைக் குழிகளைத் தோண்டியவர் அவர். ஹிசார்லிக்கே ட்ராய் என்று அவர் சொல்ல, ஷ்லீமன் ஏற்றார். ஊர் திரும்பியபின் எப்போது தொடங்குவது, வெயிலுக்கு எத்தகைய தொப்பி வேண்டும் என்றெல்லாம் கால்வர்ட்டிடம் கடிதம் எழுதிக் கேட்டார். மறு ஆண்டு வெளியிட்ட நூலிலோ, குன்றைக் கண்டதுமே தமக்கு உறுதி பிறந்ததுபோல் எழுதினார். அவருடைய நாட்குறிப்பு அதற்குச் சான்று பகரவில்லை.

படக்கதையும் இவ்வாறே. 1869ஆம் ஆண்டு நூலின் முன்னுரையில், தந்தை சொன்ன கதைகளும், பத்து வயதில் தாம் இலத்தீனில் எழுதிய ட்ராய்க் கட்டுரையும் வருகின்றன. எரியும் நகரின் படம் விரிவாக வருவது, புகழடைந்தபின் 1880இல் வந்த நூலில். 1972 முதல் ஆய்வாளர் சிலர் இதைக் கட்டுக்கதை என்றே ஒதுக்குகின்றனர். நம் கருத்து சற்று வேறு. சிறுவன் கதை கேட்டு வளர்ந்தது பொய்யாக இருக்கவேண்டியதில்லை. அதை நாற்பதாண்டு இடைவிடாத இலட்சியமாக்கியதே புனைவு. கால்வர்ட்டின் பெயர் மங்கியதற்கு இப்புனைவு பெரிதும் உதவிற்று என்பதே நமக்கு உறுத்துவது.

நம்பிக்கையின் மறுபக்கமும் உண்டு. ஹோமரின் நகரம் அடியாழத்தில்தான் இருக்கும் என்றெண்ணி, 1871 முதல் குன்றின் நடுவே பெரும்பள்ளம் வெட்டினார். மேலடுக்குகள் பல அழிந்தன. 1873இல் 'பிரியாமின் புதையல்' என்று அவர் கொண்டாடிய பொன்னணிகள், ட்ராய்ப் போர் நிகழ்ந்ததாகக் கருதப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக முந்தியவை. 1890இல் மேலடுக்கு ஒன்றில் மைசினிய மட்கலங்கள் கிடைத்தபோதுதான் பிழை வெளிப்படலாயிற்று. அடுத்த ஆண்டு மீண்டும் தோண்டத் திட்டமிட்டிருந்த ஷ்லீமன், அவ்வாண்டு டிசம்பர் 26 அன்று நேப்பிள்ஸில் காலமானார். ஆறாம் அடுக்கின் மதில்களை 1893, 1894ஆம் ஆண்டுகளில் அவருடைய துணைவர் டோர்ப்ஃபெல்ட் வெளிக்கொணர்ந்தார். ஷ்லீமனின் பள்ளத்துக்கு வெளியே, குன்றின் ஓரத்தில் அவை தப்பிக் கிடந்தன.