கான் வெட்டிய பள்ளம்

நுவரெலியாவில் இன்று படகு விடும் கிரகரி வாவி ஒரு காலத்தில் சதுப்பு. பிதுருதலாகல மலையிலிருந்து இறங்கும் தலகல ஓடை அந்தச் சேற்றில் பரவிக் கிடந்தது. 1873 இல் ஆளுநர் வில்லியம் கிரகரி ஓடையை மறித்து அணை கட்டவைத்தார்; நகரம் விரிய இடம் வேண்டியிருந்தது. 1913 இல் வாவி நீரைச் சுரங்கம் வழியாகப் பிளக்பூல் மின்நிலையத்துக்குத் திருப்பினார்கள்.

அதே 1873 இல்தான் தாவரவியலாளர் யோசப் ஹூக்கரின் யோசனைப்படி, 5,000 அடிக்கு மேலுள்ள காட்டை அழிக்கக் கூடாதென்று உத்தரவு வந்தது. கோப்பிக்காக மலைகளை மொட்டையடித்தவர்களுக்கு காடு அழிந்துபோகும் என்ற பயம் வந்ததே பெரிய காரியம். ஆனால் நுவரெலியா 6,000 அடிக்கும் மேலே இருக்கிறது. காட்டைக் கண்ட கண்ணுக்குச் சதுப்பு படவில்லை.

காடும் சதுப்பும் ஒன்றுதான் என்பது ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனால் விளங்கும். மேட்டில் கூன் விழுந்த கீன மரங்கள், கிளையெல்லாம் பாசி. மழையில்லாத நாளிலும் பனிமூட்டம் பாசியில் பட்டுச் சொட்டும். சொட்டியது பள்ளத்தில் சேரும். அங்கே ஓடையோரம் குட்டை மூங்கில், நடுவே கோரை. குளிரிலும் காற்றுப் புகாத ஈரத்திலும் செத்த இலை முழுதாக மக்காது. கறுப்பு மண்ணாகப் படிந்து, குடித்த நீரை வறண்ட மாசியிலும் கொஞ்சம் கொஞ்சமாக விடும். மகாவலிக்கும் களனிக்கும் வளவைக்கும் ஊற்று இந்தப் பக்கம்தான். அந்த மண்ணைத் துளைத்தெடுத்து, அதில் புதைந்த மகரந்தத்தைக் கொண்டு 20,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலநிலையை ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். அப்பேர்ப்பட்ட இடத்திலும் ஒரு காலம் உருளைக்கிழங்கு போட்டார்கள் என்று நினைத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. 1969 இல் சரணாலயமாகி, 1988 இல் தேசியப் பூங்காவானதால் மிஞ்சியது.

தேயிலைத் தோட்டத்துச் சதுப்புகளுக்கு அந்த யோகம் இல்லை. எங்கள் அப்பா தோட்டத்தில் கான், அதாவது நீர் வடியும் வாய்க்கால், வெட்டியவர். “தண்ணி நின்னா தேயிலை வேர் அழுகிரும்டா” என்பார். தேயிலைக்கு மழை வேண்டும், காலடியில் நீர் தேங்கக் கூடாது. ஆகவே சரிவு முழுக்கக் கான். அவை போய் விழும் பள்ளத்தில் மண்வெட்டியை இறக்கினால் கறுப்புச் சேறு சளக்கென்று பிடித்து இழுக்கும். அதன் கீழேதான் எங்கள் லயத்து வீடுகள் நீர் பிடிக்கும் பீலி. பிறகு அந்தப் பள்ளத்திலும் கான் வெட்டி மரக்கறி போட்டார்கள். தை பிறந்ததும் பீலியில் நீர் நூலாகத்தான் விழுந்தது; பங்குனியில் அதுவும் இல்லை.

உங்கள் பீலிக்கு நீர் எந்தப் பள்ளத்திலிருந்து வருகிறது என்று ஒருநாள் மேலேறிப் பாருங்கள். அங்கே கோரை நின்றால், கான் வெட்ட விடாதீர்கள்.