களஞ்சியமும் கிஸ்தியும்

செஞ்சிக் கோட்டைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ராஜகிரி ஏறத்தான் போவார்கள். எனக்குப் பிடித்தது அடிவாரத்தில், கல்யாண மகாலிலிருந்து அதிக தூரமில்லாத அந்தத் தானியக் களஞ்சியம். நாயக்கர் ஆட்சியைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் நெல்லாக வாங்கும் வரியில் ஒரு விஷயம் இருக்கு: நெல் விலை விழுந்தால் அரசாங்கத்துக்கும் சேர்த்துத்தான் விழும்.

வெள்ளைக்காரர்களின் ரயத்துவாரியில் கிஸ்தி ரொக்கம். முப்பது வருடத்துக்கு ஒருமுறைதான் நிர்ணயம். என் தொழில் பாஷையில் சொன்னால், ஹார்ட்கோட் செய்த எண்.

1929-ல் பெருமந்தம் தொடங்கியது. தென்னாற்காட்டு மல்லாட்டை கப்பலேறிப் பிரான்சு வரைக்கும் போய்க்கொண்டிருந்த சரக்கு. அங்கே விலை சரிந்ததும் இங்கே கமிட்டியில்லாத சந்தைகளிலும் சரிந்தது. சில வருடங்களில் நெல்லும் மல்லாட்டையும் ஏறக்குறைய பாதி விலைக்கு வந்துவிட்டன. ஒரு மூட்டை விற்றுக் கட்டிய கிஸ்திக்கு இப்போ ரெண்டு மூட்டை விற்கணும். யாரும் வரியை உயர்த்தவில்லை, ஆனாலும் அது இரட்டிப்பாகிவிட்டது.

சரி, அரசாங்கம் முதலில் என்னதான் செய்தது? தன் வரவுசெலவுக் கணக்கை நேர்செய்தது. 1931 செப்டம்பரில் இந்திய அரசின் நிதி உறுப்பினர் ஜார்ஜ் ஷூஸ்டர் அவசர பட்ஜெட் போட்டார். உப்பு வரி உட்பட இருக்கிற வரிகள்மேல் கால் பங்கு கூடுதல், ஊழியர் சம்பளத்தில் 10 சதவீத வெட்டு. சட்டசபை ஏற்கவில்லை, வைஸ்ராய் வில்லிங்டன் தன் அதிகாரத்தால் நிறைவேற்றிக்கொண்டார். இது இங்கே மட்டும் நடந்த கூத்து இல்லை. 1932-ல் ஹூவரின் அமெரிக்காவும் வரியைக் கூட்டத்தான் செய்தது. ஆனால் ஹூவரை அதே வருடம் ஓட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்ப முடிந்தது. சென்னை மாகாணத்தில் முதல் மந்திரி முனுசாமி நாயுடு. இரட்டையாட்சி முறைப்படி நிலவரி இலாகாவோ ஆளுநரின் நிர்வாகக் குழுவிடம். ஓட்டு வாங்கி வந்தவர் கிஸ்தியைத் தொட முடியாது.

அப்போ கிஸ்தியை எப்படிக் கட்டினார்கள்? நகையை விற்று. அதே 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க மாற்றைக் கைவிட, ரூபாயில் தங்கத்தின் விலை ஏறியது. வீட்டுத் தங்கமெல்லாம் பம்பாய் வழியாக லண்டனுக்குக் கப்பலேறியது. அரசு தடுக்கவில்லை. லண்டனுக்கு வருடாவருடம் கட்டவேண்டிய தொகையைச் சமாளிக்க அது ரொம்ப வசதியாக இருந்தது.

விவசாயக் கடன் நிவாரணச் சட்டம் 1938-ல், ராஜாஜி மந்திரிசபையில்தான் வந்தது. 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய கடன்களுக்கு நிலுவை வட்டி தள்ளுபடி. அதற்குள் ஒன்பது வருடம் ஓடிவிட்டது. விற்ற தோட்டைப் பற்றி அந்தச் சட்டத்தில் பிரிவு ஏதும் இல்லை.